வாடகை மின் ஸ்கூட்டர் உங்கள் ஊருக்கு வருகிறதா? முதலில் அது எங்கே நிற்கும் என்று எழுதுங்கள்

பன்னிரண்டு வருடம் ஒரு மாநகராட்சியின் சாலைப் பிரிவில் பொறியாளராக இருந்தேன். கடைசி நான்கு வருடம் என் மேஜைக்கு வந்த கோப்புகளில் பாதிக்கு மேல் வாடகை மின் ஸ்கூட்டரைப் பற்றியவைதான். உட்கார்ந்து ஓட்டும் வண்டியைச் சொல்லவில்லை. நின்றபடி ஓட்டுகிற, சின்னச் சக்கரம் வைத்த வண்டி. ஆப்பைத் திறந்து ஸ்கேன் செய்து எடுத்து, போன இடத்தில் விட்டுவிட்டுப் போகிறார்களே, அது. இப்போது வேறு ஊர்களிலிருந்து அதிகாரிகளும் மாமன்ற உறுப்பினர்களும் குடியிருப்போர் சங்கத்தினரும் கேட்கிறார்கள்: "எங்கள் ஊருக்கும் வரப்போகிறதாம், விதிமுறை எப்படி எழுதுவது?" ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

எனக்கு இந்த வண்டி பிடிக்கும். பஸ் நிறுத்தத்திலிருந்து வீடு வரை உள்ள ஒன்றரை கிலோமீட்டருக்கு இதைவிட எளிய வழி இல்லை. ஆனால் விதி எழுத உட்காருகிறவர்கள் எல்லோரும் ஓடும் ஸ்கூட்டரைப் பற்றியே யோசிக்கிறார்கள். ஒரு வாடகை ஸ்கூட்டர் நாள் முழுக்க ஓடுவது அதிகம் போனால் ஒரு மணி நேரம். மீதி 23 மணி நேரம் அது எங்கோ நின்றுகொண்டிருக்கிறது. அந்த 23 மணி நேரத்துக்கு இடம் ஒதுக்காத ஊரில் மற்ற எந்த விதியும் தாக்குப்பிடிக்காது.

இதை எனக்குப் புரியவைத்தவர் என் அப்பா. கண் அழுத்த நோயில் பார்வையை இழந்தவர். வெள்ளைக் கைத்தடியோடு தினமும் தனியாகவே நூலகம் வரை நடந்துவிட்டு வருவார். வழியில் மின்கம்பம் எங்கே, குப்பைத்தொட்டி எங்கே, நடைபாதை எங்கே உடைந்திருக்கிறது, எல்லாம் அவருக்கு மனப்பாடம். ஸ்கூட்டர்கள் வந்த இரண்டாவது வாரம், முழங்காலுக்குக் கீழே தோல் உரிந்து ரத்தம் வழிய வீட்டுக்கு வந்தார். அவரையே கூட்டிக்கொண்டு போய் இடத்தைப் பார்த்தேன். ஒரு ஸ்கூட்டர் நடைபாதைக்குக் குறுக்கே சாய்ந்து கிடந்தது. அதன் தண்டு தரைக்கு ஒரு சாண் மேலே இருந்தது. தரையைத் தடவிக்கொண்டே போன கைத்தடியின் நுனி அதற்கு அடியில் நுழைந்துவிட்டது; தடி எதையும் சொல்லாததால் அப்பா அடுத்த அடியை எடுத்து வைத்திருக்கிறார், எலும்பு நேராகத் தண்டில் மோதியிருக்கிறது. "கம்பம்னா அது அங்கதான் இருக்கும்னு தெரியும்மா. இது நேத்து இங்க இல்ல. நாளைக்கு எங்க இருக்கும்னு யாருக்குத் தெரியும்?" என்றார். நான் பிறகு எழுதிய நிபந்தனைகளில் பாதி இந்த வாக்கியத்திலிருந்து வந்தவை.

வண்டி இறங்கும் முன்பே

2017 செப்டம்பரில் பேர்ட் நிறுவனம் கலிபோர்னியாவின் சாண்டா மோனிகாவில் ஸ்கூட்டர்களை இறக்கியபோது நகர நிர்வாகத்தின் உரிய அனுமதி எதுவும் வாங்கவில்லை. நகரம் அந்த டிசம்பரில் வழக்குப் போட்டது. 2018 பிப்ரவரியில் 3 லட்சம் டாலருக்கு மேல் கட்ட ஒப்புக்கொண்டு நிறுவனம் வழக்கை முடித்தது. அதற்குள் வண்டிகள் தெருவெல்லாம் பரவிவிட்டன, மக்களும் பழகிவிட்டார்கள். அந்த நிலையில் எழுதுகிற விதி எதுவும் பேரம் பேசி எழுதுகிற விதியாகத்தான் இருக்கும்.

சான் பிரான்சிஸ்கோ வேறு மாதிரி நடந்துகொண்டது. 2018 மார்ச்சில் மூன்று நிறுவனங்கள் ஒரே சமயத்தில் வந்து இறங்கின. நகரம் உரிம முறை ஒன்றைக் கொண்டுவந்து, ஜூன் 4 முதல் உரிமம் இல்லாத வண்டி ஒன்றுகூடத் தெருவில் நிற்கக்கூடாது என்றது. உரிமத்துக்கு 12 நிறுவனங்கள் விண்ணப்பித்தன. ஆகஸ்ட் கடைசியில் இரண்டுக்குத்தான் கொடுத்தார்கள். கேட்காமல் வந்த மூன்றில் ஒன்றுகூட அந்த இரண்டில் இல்லை. இந்தத் துணிச்சலை உங்கள் மாமன்றத்துக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

ஆகவே முதல் வேலை, ஒரு பக்கத்துக்கு மிகாத தீர்மானம்: "பொது இடத்தில் வாடகை வண்டியை வைத்துத் தொழில் செய்ய மாநகராட்சி உரிமம் வேண்டும். உரிமம் இல்லாத வண்டி அப்புறப்படுத்தப்படும், அதற்கான செலவை நிறுவனம் கட்ட வேண்டும்." இவ்வளவு போதும். மற்ற விவரங்களை ஆற அமர எழுதலாம். வெள்ளம் வருமுன் அணை என்பது இந்த ஒரு பக்கம்தான்.

இங்கே பலர் தடுமாறும் ஒரு விஷயம் உண்டு. இந்த வண்டி சட்டப்படி என்ன வகை, எந்த வயதில் ஓட்டலாம், எண் பலகை வேண்டுமா என்பதெல்லாம் பெரும்பாலும் நாட்டின் சட்டம். ஜெர்மனி 2019 ஜூன் 15 முதல் நாடு முழுக்க ஒரே விதி கொண்டுவந்தது: மணிக்கு 20 கிலோமீட்டர் உச்ச வேகம், காப்பீட்டு வில்லை கட்டாயம், நடைபாதையில் ஓட்டத் தடை. பிரிட்டன் 2020 ஜூலையிலிருந்து குறிப்பிட்ட ஊர்களில் வாடகைச் சோதனையை மட்டும் அனுமதித்தது. நாட்டுச் சட்டம் தெளிவாக இல்லையென்று ஊர்கள் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். காத்திருக்கத் தேவையில்லை. வண்டியின் வகை உங்கள் கையில் இல்லாமல் இருக்கலாம். நடைபாதையும் சாலையோரமும் உங்கள் கையில் இருக்கின்றன.

எண் போட்டு எழுதுங்கள்

நான் எழுதிய முதல் வரைவில் "வண்டிகளைப் பொறுப்பாக நிறுத்த வேண்டும்" என்று ஒரு வரி இருந்தது. கேட்பதற்கு நன்றாக இருந்தது, எல்லோரும் தலையாட்டினார்கள். முதல் மாதம் ஒரு பஸ் நிறுத்தத்தின் முன் ஆறு வண்டிகள் நின்றதற்கு அபராத நோட்டீஸ் அனுப்பினோம். நிறுவனத்திலிருந்து பதில் வந்தது: வண்டிகள் நேராக, ஒழுங்காக, வரிசையாக நிறுத்தப்பட்டிருந்தன, புகைப்படம் இணைக்கப்பட்டுள்ளது. அவர்கள் சொன்னது பொய் இல்லை. பொறுப்பு என்ற சொல்லுக்கு நான் அளவு கொடுக்காதது என் தவறு. அந்த அபராதத்தைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று.

அடுத்த நாள் காலை ஐந்தரை மணிக்கு டேப்பை எடுத்துக்கொண்டு அதே பஸ் நிறுத்தத்துக்குப் போனேன். நடைபாதையின் மொத்த அகலம் இரண்டு மீட்டர் நாற்பது. நிழற்குடையின் கால் ஒரு பக்கம் எழுபது சென்டிமீட்டரைத் தின்கிறது. மிச்சம் ஒரு மீட்டர் எழுபது. அதில் ஒரு ஸ்கூட்டரை நடைபாதைக்கு இணையாக நிறுத்தினால் கைப்பிடி அரை மீட்டரை எடுத்துக்கொள்கிறது. ஒரு மீட்டர் இருபது மிஞ்சுகிறது, ஒருவர் நடக்கலாம். அதே வண்டியைக் குறுக்கே நிறுத்தினால் மிஞ்சுவது அரை மீட்டர்தான். சக்கர நாற்காலி அந்த இடத்தில் திரும்பிப் போகக்கூட முடியாது. பின்னோக்கியே வர வேண்டும். வண்டி அதே வண்டி, இடமும் அதே இடம். நிறுத்திய திசை மட்டும்தான் வேறு.

அதற்குப் பிறகு நிபந்தனை இப்படி மாறியது: நடைபாதையில் வண்டி நிற்கும் இடத்தைத் தாண்டி குறைந்தது 1.8 மீட்டர் தடையில்லாத அகலம் இருக்க வேண்டும். இரண்டு சக்கர நாற்காலிகள் ஒன்றையொன்று கடக்க வேண்டிய அளவு அது. பஸ் நிறுத்தம், சாய்வுதளம், கட்டட நுழைவாயில், தீயணைப்புக் குழாய், பார்வையற்றோருக்கான புடைப்புக் கற்கள் ஆகியவற்றிலிருந்து இத்தனை மீட்டர் தள்ளி என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். எண் இருந்தால் புகைப்படம் சாட்சியாகும். எண் இல்லையென்றால் வெறும் வாக்குவாதம்தான்.

இந்த அளவைப் போட்டதும் எங்கள் நடைபாதைகளில் முக்கால்வாசி தகுதியிழந்தன. சரி, அப்போது வண்டி எங்கே நிற்கும்? பதில் சாலையில் இருக்கிறது. ஒரு கார் நிற்கும் இடத்தில் பத்து ஸ்கூட்டர்கள் நிற்கும். சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, வண்டியை ஒவ்வொன்றாக நிறுத்தி எண்ணிப் பார்த்தேன். ஐந்து மீட்டர் நீளம், வண்டிக்கு அரை மீட்டர், கணக்கு சரியாக வந்தது. இன்னும் நல்ல இடம் ஒன்று உண்டு: பாதசாரிகள் கடக்கும் கோட்டுக்குச் சற்று முன்னால், கார் நிறுத்தக்கூடாது என்று விட்டிருக்கும் பகுதி. அங்கே யாராவது காரை நிறுத்திவிட்டால் சாலையைக் கடக்கும் குழந்தை ஓட்டுநர் கண்ணில் படாது. ஸ்கூட்டர் உயரம் குறைந்தது, பார்வையை மறைக்காது. அந்த இடத்தில் ஸ்கூட்டர் நிறுத்தம் அமைத்தால் காரும் வராது, வண்டிக்கும் இடம் கிடைக்கும். நாங்கள் செய்தவற்றில் எனக்கு மிகவும் திருப்தி தந்தது இதுதான்.

நிறுத்துமிடங்கள் அடுத்தடுத்து இருக்க வேண்டும். நகர மையத்தில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு 150, 200 மீட்டருக்கு மேல் போனால் ஆட்கள் சோம்பல்படுவார்கள், கிடைத்த மூலையில் விட்டுவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. பாரிஸ் நகரம் 15,000 ஸ்கூட்டர்களுக்குச் சுமார் 2,500 நிறுத்துமிடங்களை அமைத்தது. ஒரு இடத்துக்குச் சராசரி ஆறு வண்டி. இந்த விகிதத்தை வைத்து உங்கள் ஊருக்கு எத்தனை வேண்டும் என்று போட்டுப் பாருங்கள். நிறுத்துமிடம் தயாராகும் வேகத்தில்தான் வண்டிகளும் வர வேண்டும் என்று உரிமத்திலேயே எழுதிவிடுங்கள். கார்களுக்கான இடத்தைக் குறைக்கிறீர்கள் என்று எதிர்ப்பு வரும். வந்தது. கடைக்காரர்களை அழைத்து, ஒரு காரின் இடத்தில் பத்து வாடிக்கையாளர்கள் வந்து இறங்குவார்கள் என்று கோட்டைக் காட்டியே பேசினோம். எல்லோரும் ஏற்றுக்கொள்ளவில்லை, பாதிப் பேர் ஏற்றுக்கொண்டார்கள்.

ஆப் பார்த்துக்கொள்ளும் என்று சொன்னால்

நிறுவனங்கள் வந்து பேசும்போது ஜியோஃபென்ஸ் என்ற சொல் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வரும். வரைபடத்தில் கோடு போட்டுவிட்டால் அதற்கு வெளியே பயணத்தை முடிக்க முடியாது என்பார்கள். உண்மைதான், ஆனால் அந்தக் கோடு ஜிபிஎஸ்ஸை நம்பியிருக்கிறது. உயரமான கட்டடங்களுக்கு நடுவே ஜிபிஎஸ் பல மீட்டர் தவறு காட்டும். நடைபாதைக்கும் சாலைக்கும் இடையே இருப்பதோ ஒரு விளிம்புக்கல். வண்டி எந்தப் பக்கம் நிற்கிறது என்று அது எப்படிச் சொல்லும்?

நேரில் செய்து காட்டச் சொல்லுங்கள். நான் செய்தது இது: நிறுத்துமிடத்திலிருந்து மூன்று மீட்டர், ஏழு மீட்டர், பன்னிரண்டு மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்திப் பயணத்தை முடிக்க முயன்றேன். ஒவ்வொரு தூரத்திலும் பத்து முறை, மூன்று வெவ்வேறு தெருக்களில். காலை முழுக்க ஆயிற்று. விற்பனைப் பேச்சில் வராத விஷயங்களெல்லாம் அந்தத் தாளில் வந்துவிட்டன. பயணம் முடிந்ததும் புகைப்படம் எடுக்கச் சொல்வது உதவும். அந்தப் படத்தை யார், எத்தனை நிமிடத்தில் பார்க்கிறார்கள் என்றும் கேளுங்கள். யாருமே பார்க்காத படத்தால் என்ன பயன்?

என் அனுபவத்தில் மென்பொருளைவிட இரும்பு நம்பகமானது. வாஷிங்டன் நகரம் 2021 அக்டோபர் முதல் ஸ்கூட்டர்களைத் தெருவில் நட்டிருக்கும் சைக்கிள் ஸ்டாண்டு போன்ற ஒன்றில் பூட்டித்தான் பயணத்தை முடிக்க வேண்டும் என்றது. பூட்டிய வண்டி காற்றில் விழாது, குறுக்கே கிடக்காது, யாரும் தூக்கி எறிய முடியாது. ஆனால் ஸ்டாண்டு போடாமல் பூட்டை மட்டும் கட்டாயமாக்கினால் மரத்திலும் சாய்வுதளக் கைப்பிடியிலும் பூட்டிவிடுவார்கள். இரண்டும் சேர்ந்தே வர வேண்டும்.

எத்தனை வண்டி, எத்தனை நிறுவனம்

நார்வேயின் ஆஸ்லோவில் 2021 கோடையில் 20,000க்கும் மேற்பட்ட வாடகை ஸ்கூட்டர்கள் இருந்தன. செப்டம்பரில் அதை 8,000 ஆகக் குறைத்தார்கள். இரவு 11 முதல் காலை 5 வரை வாடகையையும் நிறுத்தினார்கள். குறைப்பது எவ்வளவு சிரமம் என்பது செய்தவர்களுக்குத்தான் தெரியும். சிறிய எண்ணில் தொடங்கிக் கூட்டிக்கொண்டு போவது அதைவிட எளிது.

நான் பரிந்துரைக்கும் முறை: ஒரு வண்டிக்கு ஒரு நாளில் சராசரியாக எத்தனை பயணம் என்று மாதாமாதம் பாருங்கள். மூன்றுக்கு மேல் போனால் தேவை இருக்கிறது, நிறுத்துமிடமும் இருந்தால் கொஞ்சம் கூட்ட அனுமதிக்கலாம். இரண்டுக்குக் கீழே போனால் வண்டிகள் சும்மா நின்று இடத்தை அடைக்கின்றன, குறைக்கச் சொல்லுங்கள். இந்தக் கணக்கை உரிமத்திலேயே எழுதிவிட்டால் ஒவ்வொரு முறையும் பேரம் பேச வேண்டியதில்லை. நிறுவனங்கள் இரண்டு அல்லது மூன்று போதும். ஒன்றே ஒன்று என்றால் அது வைத்ததே சட்டமாகிவிடும். ஆறு என்றால் புகார் வரும்போது ஆளுக்கு ஆள் அடுத்தவரைக் கைகாட்டுவார்கள். டெண்டரில் யார் அதிகப் பணம் தருகிறார் என்று பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். அதிகம் தந்தவர் அதை எங்கோ மிச்சம் பிடிப்பார், பெரும்பாலும் பராமரிப்பில்.

வண்டிகளெல்லாம் நகர மையத்திலேயே குவிந்துவிடும் என்பதையும் கவனியுங்கள். பஸ் குறைவாக ஓடும் பகுதிகளில் தினமும் காலை இத்தனை சதவீதம் வண்டி இருக்க வேண்டும் என்று எழுதி, அதைத் தரவில் சரிபாருங்கள். ஓரேகானின் போர்ட்லாண்ட் 2018இல் நான்கு மாதச் சோதனை நடத்தியபோது கிழக்குப் பகுதிக்கு இப்படித் தனியாக ஒதுக்கீடு வைத்தது. அந்தச் சோதனையில் 7 லட்சத்துக்குச் சற்று அதிகமான பயணங்கள் நடந்தன. கருத்துக்கணிப்பில், கடைசிப் பயணத்துக்கு ஸ்கூட்டர் இல்லாமலிருந்தால் கார் அல்லது டாக்சியில் போயிருப்போம் என்று உள்ளூர்க்காரர்களில் 34 சதவீதம் பேர் சொன்னார்கள். தடை போடு என்று யாராவது சொல்லும்போது நான் நினைத்துக்கொள்வது இந்த எண்ணைத்தான்.

ஓடும்போது

அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் 2018 செப்டம்பர் முதல் நவம்பர் வரை ஸ்கூட்டரில் காயமடைந்தவர்களைப் பொதுச் சுகாதாரத் துறையினர் பேட்டி கண்டு ஓர் ஆய்வு செய்தார்கள். இந்த வேலையில் இருப்பவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஆய்வு. ஒரு லட்சம் பயணத்துக்கு 20 பேர் காயம். காயமடைந்த 190 ஓட்டிகளில் ஹெல்மெட் போட்டிருந்தவர் ஒரே ஒருவர். கிட்டத்தட்டப் பாதிப் பேருக்குத் தலையில் அடி. மூன்றில் ஒருவர் முதல் தடவை ஓட்டியபோதே விழுந்திருக்கிறார். பேட்டி கொடுத்த ஓட்டிகளில் பாதிப் பேர் சாலையில் இருந்த குழியும் விரிசலும் ஒரு காரணம் என்றார்கள்.

கடைசி இரண்டையும் சேர்த்துப் படியுங்கள், என்ன செய்ய வேண்டும் என்பது தெரிந்துவிடும். முதல் சில பயணங்களுக்கு வண்டி தானாகவே மெதுவாகத்தான் போக வேண்டும். இதை ஆப்பிலேயே செய்யலாம், நிபந்தனையாகப் போடுங்கள். ஆரம்ப கால வண்டிகளின் சக்கரம் எட்டரை அங்குலம்தான். காரில் போகிறவருக்குத் தெரியவே தெரியாத ஒரு விரிசல் இந்தச் சக்கரத்தைக் கவ்வி நிறுத்திவிடும். பெரிய சக்கரம், இரண்டு தனித்தனி பிரேக், முன்னும் பின்னும் விளக்கு, மணி: இவை இல்லாத மாடலுக்கு உரிமம் கொடுக்காதீர்கள். உரிமக் கட்டணத்தின் ஒரு பகுதியைச் சாலையோரக் குழிகளை மூடுவதற்கென்றே ஒதுக்குங்கள். வேறு தலைப்பில் போனால் திரும்பி வராது.

வேகத்தைப் பற்றி நீண்ட விவாதம் நடக்கும். 25 என்பார்கள் நிறுவனத்தார், 15 என்பார்கள் சங்கத்தார். நான் 20 என்பேன். 25இலிருந்து 20க்கு இறங்கினால் மோதலின் விசைக்குக் காரணமான இயக்க ஆற்றல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது. பயண நேரத்திலோ ஒரு நிமிடம்கூடப் பெரும்பாலும் கூடாது. கூட்டமான கடைத்தெரு, பூங்கா போன்ற இடங்களில் 10. பாரிஸ் 2021 நவம்பரில் இப்படிப் பல பகுதிகளை 10 ஆக்கியது. அந்த ஆண்டு ஜூனில் நதிக்கரையில் நடந்துகொண்டிருந்த ஒரு பெண் ஸ்கூட்டர் மோதி இறந்திருந்தார். ஒன்றை மறக்காதீர்கள்: மெது எல்லைக்குள் நுழையும்போது வண்டி படிப்படியாக வேகம் குறைய வேண்டும். சட்டென்று மோட்டாரை நிறுத்தும் வண்டியில் நான் ஓட்டிப் பார்த்தேன், உடம்பு முன்னால் போய்விட்டது. பின்னால் பஸ் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்!

நடைபாதையில் ஓட்டுவதைத் தடை செய்யத்தான் வேண்டும். சிங்கப்பூர் 2019 நவம்பரில் செய்தது, ஸ்வீடன் 2022 செப்டம்பரில் செய்தது. ஆனால் சாலையில் லாரிக்குப் பக்கத்தில் ஓட்டச் சொல்லிவிட்டு நடைபாதையில் ஏறாதே என்றால் மனிதன் உயிருக்குப் பயந்து ஏறுவான். எந்தத் தெருவில் அதிகம் ஏறுகிறார்கள் என்று பாருங்கள். அங்கே சைக்கிள் பாதை தேவை என்று அவர்கள் உங்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

ஹெல்மெட் கட்டாயமா என்றால், போடச் சொல்லுங்கள், தள்ளுபடி கொடுக்கச் சொல்லுங்கள், வண்டியோடு கொடுத்தால் இன்னும் நல்லது. ஆனால் அந்த ஒரு விதியை எழுதிவிட்டு மற்றதை விட்டுவிடாதீர்கள்.

தரவு, புகார், பணம்

எங்கே எத்தனை வண்டி நிற்கிறது என்ற தரவு உங்களுக்கு நேரடியாக வர வேண்டும். லாஸ் ஏஞ்சலஸ் போக்குவரத்துத் துறை 2018இல் இதற்கென்றே ஒரு பொதுத் தரவு வடிவத்தை உருவாக்கியது, எம்டிஎஸ் என்பார்கள். இப்போது பல நகரங்கள் அதையே கேட்கின்றன, நீங்களும் கேளுங்கள். ஆனால் வண்டியைப் பற்றிக் கேளுங்கள், ஆளைப் பற்றிக் கேட்காதீர்கள். பெயர் இல்லாவிட்டாலும், தினமும் காலை 7.40க்கு ஒரு வீட்டு வாசலில் தொடங்கி ஒரு மருத்துவமனையில் முடியும் பயணம் யாருடையது என்று கண்டுபிடிப்பது கடினமில்லை. தொடங்கிய, முடிந்த இடங்களைத் தெரு அளவுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, குறிப்பிட்ட மாதங்களுக்குப் பிறகு அழித்துவிடுவோம் என்று எழுதி, அதைச் செய்யவும் வேண்டும்.

புகாருக்கு ஒரு வண்டிக்கு ஓர் எண், தூரத்திலிருந்து படிக்கும் அளவில். அதே எண் பிரெய்லியில் கைப்பிடித் தண்டில். போன் செய்தால் மனிதர் எடுக்க வேண்டும். ஆப் இல்லாதவர்தான் பெரும்பாலும் புகார் செய்வார். பகலில் இரண்டு மணி நேரத்துக்குள் எடுக்காவிட்டால் மாநகராட்சி எடுக்கும், நாள் கணக்கில் கட்டணம் ஏறும். ஆரம்பத்தில் சில நிறுவனங்கள் பயன்படுத்தியது 12 கிலோ எடையுள்ள வீட்டு உபயோக வண்டி. இன்றைய வாடகை வண்டிகள் 30 கிலோவை ஒட்டி இருக்கின்றன. வழியில் கிடப்பதை ஒரு பெரியவர் தானே நகர்த்திக்கொள்வார் என்று எதிர்பார்க்க முடியாது.

நிறுவனத்திடம் மாநகராட்சி வாங்க வேண்டிய வைப்புத்தொகையை விட்டுவிடாதீர்கள். சீனாவின் ஓஃபோ சைக்கிள் நிறுவனம் 2018இல் தடுமாறியபோது தங்கள் டெபாசிட்டைத் திரும்பக் கேட்டு ஒரு கோடிக்கும் அதிகமான வாடிக்கையாளர்கள் காத்திருந்தார்கள். தெருக்களில் சைக்கிள்கள் மலையாகக் கிடந்தன. இந்தத் தொழிலைத் தொடங்கிவைத்த பேர்ட் நிறுவனமே 2023 டிசம்பரில் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. ஒரு வண்டியை எடுத்துப்போய் பேட்டரியை முறையாக அப்புறப்படுத்த என்ன செலவாகும் என்று கணக்குப் போட்டு, அதை வண்டிகளின் எண்ணிக்கையால் பெருக்கி, உரிமம் தரும் நாளிலேயே வங்கி உத்தரவாதமாக வாங்கிவிடுங்கள்.

பசுமைப் பேச்சையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தினர் 2019இல் வெளியிட்ட ஆய்வில், ஸ்கூட்டரால் வரும் கார்பனில் பெரும்பகுதி அதைத் தயாரிப்பதாலும், இரவில் வேனில் போய்ச் சேகரித்து சார்ஜ் செய்வதாலும் வருகிறது என்று தெரிந்தது. சார்ஜுக்கான மின்சாரத்தின் பங்கு சின்னது. எனவே கேட்க வேண்டியவை: வண்டி எத்தனை வருடம் ஓடும், பேட்டரியை மட்டும் கழற்றி மாற்றலாமா, மாற்ற வருகிறவர் எதில் வருகிறார். அவருக்கு மாதச் சம்பளமா, வண்டிக்கு இவ்வளவு என்றா, காப்பீடு உண்டா என்பதையும் கேளுங்கள். இரவு இரண்டு மணிக்குத் தெருவில் நின்று வேலை செய்கிறவர் அவர்.

சோதனைக் காலமும் அதற்குப் பிறகும்

முதல் உரிமத்தை ஒரு வருடத்துக்கு மேல் தராதீர்கள், முடியும் தேதியைப் போட்டுத் தாருங்கள். நடுவில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மக்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேளுங்கள். ஓட்டுகிறவர்கள் பாதி, ஓட்டாதவர்கள் பாதி.

பாரிஸில் நடந்தது நம் எல்லோருக்கும் பாடம். 2018இல் வண்டிகள் வந்தன, பல நிறுவனங்கள் முண்டியடித்தன. 2020இல் மூன்று நிறுவனங்கள், ஆளுக்கு 5,000 வண்டி என்று ஒழுங்குபடுத்தினார்கள். நிறுத்துமிடம், வேகக் கட்டுப்பாடு எல்லாம் வந்தன. ஆனாலும் 2023 ஏப்ரல் 2 அன்று வாக்கெடுப்பு வைத்தபோது, வந்து வாக்களித்தவர்களில் 89 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். வாக்களிக்க வந்தவர்கள் 8 சதவீதத்துக்கும் குறைவு. ஆகஸ்ட் முடிவில் வண்டிகள் போய்விட்டன. முதல் இரண்டு வருடக் குழப்பத்தில் சேர்ந்த கோபத்தைப் பிறகு வந்த நல்ல விதிகளால் கழுவ முடியவில்லை என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன். விரும்பியவர்கள் வீட்டில் இருந்தார்கள், வெறுத்தவர்கள் வரிசையில் நின்றார்கள்.

உங்கள் ஊரில் வண்டி இறங்கும் நாளுக்கு முந்தைய நாள் ஒன்று செய்யுங்கள். கைத்தடியோடு நடப்பவர் ஒருவர், சக்கர நாற்காலியில் வருபவர் ஒருவர், கைவண்டியில் குழந்தையைத் தள்ளிக்கொண்டு வருபவர் ஒருவர், மூவரையும் அழைத்து, நிறுவனத்தின் உள்ளூர் மேலாளரையும் சேர்த்துக்கொண்டு, முதல் பத்து நிறுத்துமிடங்களையும் நடந்தே பாருங்கள். டேப்பும் சுண்ணக்கட்டியும் கையில் இருக்கட்டும். அவர்கள் தயங்கி நிற்கும் இடத்தில் ஒரு கோடு போடுங்கள். எங்கள் ஊரில் அப்படிப் போட்டுப் பத்தில் நான்கு இடங்களை மாற்றினோம். அப்பாவும் வந்திருந்தார். ஐந்தாவது இடத்தில் ஸ்டாண்டைத் தடியால் இரண்டு முறை தட்டிப் பார்த்துவிட்டு, அங்கிருந்து நூலகத்துக்கு எத்தனை அடி என்று எண்ணத் தொடங்கினார்.